‘தானே’ என்று எழுதியது யாரைப் பற்றி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த புற்றுநோய்க் கட்டுரையில் ஒரு வரி: “புற்றுநோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் நோய், கவலையை உள்ளே பூட்டி வைப்பவர்கள் அதைத் தாங்களே வளர்த்துக்கொள்கிறார்கள்.” முதல் பாதி விஞ்ஞானம். இரண்டாம் பாதியை எங்கிருந்து எடுத்தீர்கள்?

எங்கள் சம்பந்தியம்மா அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். “இனிமேலாவது எதையும் மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி, பேப்பர்லயே போட்டிருக்கு” என்றார். என் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய். காசிமேட்டில் 26 வருடம் மீன் விற்றவள். பீடி, புகையிலை எதையும் தொட்டதில்லை. அவர் கிளம்பிய பிறகு, “நான் அப்படி என்னத்த மனசுல வெச்சேன்?” என்று என்னிடம் கேட்டாள். அன்று இரவு அவள் தூங்கவில்லை.

ஒரு பயிற்சி மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு எனக்கு விளக்கினார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். தாங்கள் அறியாதது அல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். மீன் வெட்டும்போது என் மனைவியின் விரலில் கத்தி படாத வாரம் கிடையாது. காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்கள் ஒரு வளர்ச்சிக் காரணியை, அதாவது ‘பெருகு’ என்று செல்லுக்குச் சொல்லும் புரதத்தை, வெளியே விடும். அக்கம்பக்கத்து செல்கள் அதைத் தங்கள் மேலுள்ள ஏற்பியில், அதாவது அந்தச் செய்தியை வாங்கும் வாசலில், வாங்கிப் பெருகும். காயம் ஆறியதும் நின்றுவிடும். வெளியிலிருந்து உத்தரவு வராமல் ஒழுங்கான செல் பெருகாது. மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பதைப் போல.

சில புற்றுநோய் செல்கள் அந்த உத்தரவைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன. காரணியைத் தாமே சுரந்து, தம் ஏற்பியிலேயே வாங்கி, நிற்காமல் பெருகுகின்றன. ஸ்போர்ன், டோடாரோ என்ற இரு விஞ்ஞானிகள் 1980இல் இதை எழுதினார்கள். குரங்குக்குக் கட்டி வரவைக்கும் ஒரு வைரஸின் மரபணு, அந்தத் தட்டணுக் காரணியின் மரபணுவோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று 1983இல் தெரிந்தது. தன்னைத் தானே தூண்டிக்கொள்வது மட்டும் குற்றமும் இல்லை. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் அப்படித்தான் தங்கள் படையைப் பெருக்குகின்றன, வேலை முடிந்ததும் அடங்குகின்றன.

என் மனைவியின் கட்டியில் இருப்பது இதற்கு அடுத்த வீட்டுக் கதை. அவளுடைய செல்லில் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியே மரபணு மாறி, காரணி வராமலேயே ‘பெருகு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்பிக்குரிய காரணியைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். அதைச் செலுத்திய எலிக்குஞ்சுகளுக்கு வழக்கமான நாளுக்கு முன்பே கண் திறந்ததாம். ரீட்டா லெவி மொண்டால்சினியோடு 1986இல் நோபல் வாங்கினார். நுரையீரல் புற்றில் இந்த மரபணு மாற்றத்தை 2004இல் கண்டார்கள். புகைக்காத ஆசியப் பெண்களிடம் இது அதிகம். அந்த ஏற்பியை அடைக்கும் மாத்திரையைத்தான் அவள் 14 மாதமாகத் தினம் ஒன்று சாப்பிடுகிறாள். இதில் கவலைக்கு எங்கே இடம் இருக்கிறது?

இது முதல் தடவையும் அல்ல. சில வருடங்களுக்கு முன் முள் சீத்தா இலைக் கஷாயம் கட்டியைக் கரைக்கும் என்று முழுப் பக்கம் போட்டீர்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப்போட்டு 3 மாதம் அதைக் குடித்தார். திரும்பிப் போனபோது ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். வரவில்லை. வடசென்னையில் ஒரு வெட்டுக்குத்து என்றால் மட்டும் தெருப் பெயர், சந்துப் பெயர் எல்லாம் பிழையில்லாமல் அச்சாகிறது.

எண்ணூரிலும் மணலியிலும் புகைபோக்கிகளுக்குக் கீழே குடும்பம் நடத்துகிறோம். வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இலேயே அறிவித்துவிட்டது. என் மனைவிக்கு வந்தது அதனால்தான் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் நோயாளியே வளர்த்துக்கொண்டது என்று எழுதிவிட்டால், காற்றைப் பற்றி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, இல்லையா?

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்: ‘தன்னைத் தானே தூண்டிக்கொள்வது செல், நோயாளி அல்ல.’ உள்பக்க மூலையில் வேண்டாம். வெட்டி எடுத்து சம்பந்தியம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
19 வருட வாசகர்,
காசிமேடு, சென்னை – 13.