வேலையை விடுமுன் அனுவிட்டி விலையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் விஎஸ்எஸ் (இழப்பீடு வாங்கிக்கொண்டு விருப்பத்தின் பேரில் வேலையை விடும் திட்டம்) பேச்சு அடிபடும்போதெல்லாம் நம்மவர் வீடுகளில் அதே கேள்வி எழுகிறது. ஐம்பது வயதாகிவிட்டது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாமா? ‘கையில் ஒரு மில்லியன் இருந்தால் போதும்’ என்று யாராவது சொல்வார்கள். எந்த வயதிலிருந்து, மாதம் எவ்வளவு செலவுக்கு, எத்தனை வயது வரை போதும் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கிக் காட்டும் அளவுகோல் ஆயுள் அனுவிட்டியின் விலை. அனுவிட்டி வாங்குங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வேலையை விடுமுன் அதன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு தொகையை மொத்தமாகக் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், உயிரோடு இருக்கும் வரை அது மாதாமாதம் பணம் தரும். இதுதான் ஆயுள் அனுவிட்டி. அறுபத்தைந்தில் காலமானாலும் தொண்ணூற்றெட்டு வரை இருந்தாலும் ஒப்பந்தம் மாறாது. இதன் பலம் கூட்டு நிதியில் இருக்கிறது. நூறு முதியவர்கள் ஆளுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) போடுகிறார்கள், அவ்வாண்டில் ஐவர் காலமாகிறார்கள் என்று வையுங்கள். மீதமுள்ள 95 பேருக்கு ஆளுக்கு 1,052 வெள்ளி வரும். வட்டியே இல்லாமல் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். தனியாகச் சேமிப்பவருக்கு இந்தக் கூடுதல் கிடைக்க வழியில்லை.

ஆகவே அபாயம் எதையும் ஏற்காமல் ஒரு தொகையிலிருந்து ஆயுள் முழுக்க எடுக்கக்கூடிய உச்சம் எவ்வளவு என்பதை அனுவிட்டி காட்டிவிடுகிறது. அதே பணத்திலிருந்து அதைவிட அதிகமாக மாதாமாதம் எடுக்கத் திட்டமிடுபவர், முதலீடு நன்றாக ஓடும் என்றோ தாம் அதிக காலம் வாழமாட்டோம் என்றோ பந்தயம் கட்டுகிறார். பந்தயம் கட்டுவது அவரவர் உரிமை. ஆனால் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்ட வேண்டும்.

விலை கேட்கும் முறை எளிது. இன்று ஒரு லட்சம் வெள்ளி செலுத்தினால் மாதம் எவ்வளவு வரும், எந்த வயது வரை வரும், அதில் உத்தரவாதமுள்ள பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். செலுத்தும் தொகையை ஓராண்டு வரவால் வகுங்கள். கிடைப்பது மடங்கு. மாதம் 500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 6,000, மடங்கு 16.7. ஆண்டுக்கு 30,000 வெள்ளி வேண்டியவருக்கு 5 லட்சம் ஆகும்.

மலேசியாவில் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ‘ஓய்வுக்காலத் திட்டம்’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல, 10, 15 அல்லது 20 ஆண்டுகள் மட்டும் பணம் தருபவை. நான் சொன்ன 500 வெள்ளி 20 ஆண்டுகளுக்கு மட்டும் வருவதானால் மொத்த வரவு 120,000. ஒரு லட்சத்தின் மீது அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 விழுக்காடுதான். ஊழியர் சேமநிதி வாரியம் (இபிஎஃப்) வழக்கமுறைச் சேமிப்புக்கு, அதாவது ஷரியா முறை அல்லாத சாதாரணச் சேமிப்புக்கு, உத்தரவாதம் தரும் குறைந்தபட்ச லாப ஈவே 2.5 விழுக்காடு. அந்த விகிதத்தில் நாமே எடுத்தாலும் 20 ஆண்டுகளுக்கு மாதம் ஏறத்தாழ 530 வெள்ளி வரும். அதே 500 வெள்ளி ஆயுள் முழுக்க வருமானால் கணக்கு வேறு. முப்பது ஆண்டுகள் வாழ்பவர் 180,000 பெறுவார். மாதத் தொகை ஒன்றாக இருக்கலாம், பொருள் வேறு. விற்பனை விளக்கப் படிவத்தில் ‘உத்தரவாதமற்றது’ என்ற பத்தியில் இருக்கும் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது.

இன்னொரு குறை பணவீக்கம். மாதம் 3,000 வெள்ளி என்று நிலையாக எழுதப்பட்ட வரவு, விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் இருபது ஆண்டுகளில் இன்றைய 1,661 வெள்ளிக்குச் சமமாகிவிடும். முப்பது ஆண்டுகளில் 1,236. அறுபத்தைந்தில் ஓய்வு பெறுபவர் இதைச் சமாளித்துவிடக்கூடும். ஐம்பதில் ஓய்வு பெறுபவரால் முடியாது.

அதனால் விலைவாசியோடு கூடவே ஏறும் அனுவிட்டி ஒன்றை நாமே காகிதத்தில் கட்டிப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றைந்து வயது வரை பணம் வேண்டும், பணவீக்கத்துக்கு மேல் 2 விழுக்காடு வருமானம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்காரருக்கு 45 ஆண்டுகள். 1.02-ஐ 45 தடவை பெருக்கினால் 2.438. ஒன்றை அதனால் வகுத்தால் 0.410. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.590. அதை 0.02-ஆல் வகுத்தால் 29.5. இதுவே ஐம்பது வயதின் மடங்கு. இதே வழியில் ஐம்பத்தைந்துக்கு 27.4, அறுபதுக்கு 25, அறுபத்தைந்துக்கு 22.4. கூட்டு நிதியின் உதவி இல்லாமல் தனியாகத் தொண்ணூற்றைந்து வரை தாங்க வேண்டிய கணக்கு என்பதால் மடங்கு பெரிதாக இருக்கிறது.

‘ஆண்டுச் செலவின் 25 மடங்கு’ என்ற விதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது 1994-இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், அமெரிக்கச் சந்தையின் வரலாற்றை வைத்து 30 ஆண்டுகால ஓய்வுக்குப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஐம்பதில் வேலையை விடும் பினாங்குக்காரருக்கு அதை அப்படியே எடுத்துப் போடுவது தவறு.

2 விழுக்காடு என்ற அனுமானம் நியாயமா? வழக்கமுறைச் சேமிப்புக்கு இபிஎஃப் 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. அந்த ஆண்டுகளின் பணவீக்கம் முறையே 3.3, 2.5, 1.8. அதாவது 2022-இல் இடைவெளி 2-ஐ ஒட்டியிருந்தது, பிறகு விரிந்தது. நல்ல ஆண்டின் எண்ணை 45 ஆண்டுகளுக்கு நீட்டக் கூடாது என்பதால் 2 என்றே வைக்கிறேன். ஒரே ஒரு விழுக்காடு குறைந்து 1 ஆகிவிட்டால் ஐம்பது வயதின் மடங்கு 36.1-க்குத் தாவுகிறது. ஆண்டுச் செலவு 36,000 வெள்ளி என்றால் தேவை 1,062,000-இலிருந்து 1,299,600 ஆகும். ஒரு விழுக்காடு பிசகினால் 237,600 வெள்ளி துண்டு விழும்.

அந்த 36,000 வெள்ளிக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,062,000 இருந்தால் கணக்கு தேறிவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் எந்தப் பணம் எப்போது கைக்கு வரும்? 2024 மே 11 முதல் இபிஎஃப் சந்தா மூன்றாகப் பிரிகிறது: பெர்சாராஆன் கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாதெராவுக்கு 15, ஃபிளெக்சிபெலுக்கு 10. ஐம்பது வயதில் செஜாதெராவை எடுக்கலாம், ஃபிளெக்சிபெலை எப்போதும் எடுக்கலாம். பெர்சாராஆன் 55 வரை பூட்டுதான். ஆக ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை ஐந்து ஆண்டுகளுக்கு 169,700 வெள்ளி வெளியில் இருக்க வேண்டும். மீதி ஏறத்தாழ 892,300 உள்ளே வளர்ந்துகொண்டிருக்கலாம். பழைய இரண்டாம் கணக்கை வீட்டுக்கும் பிள்ளையின் பட்டப்படிப்புக்கும் எடுத்தவர்கள், கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார் என்ற சிறப்புத் திட்டங்களில் இபிஎஃப் பணத்தை மீட்டவர்கள், மொத்தத்தில் தேறினாலும் இந்த ஐந்து ஆண்டுப் பாலத்தில் விழுந்துவிடுவார்கள். பிறகு கிரெடிட் கார்டு கடன், நகை அடகு, வீட்டை விற்பது என்று போகும். இரண்டு தொகைகளையும் தனித்தனியாகப் பார்ப்பது அவ்வளவு அவசியம்.

மாதம் 5,000 வெள்ளி சம்பளக்காரர் ஐம்பத்தைந்து வரை வேலையில் நீடித்தால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். அந்தப் பாலத்துக்கான பணத்தைத் தொட வேண்டியதில்லை. முதலாளி 13, தொழிலாளி 11 என 24 விழுக்காடு சந்தா, மாதம் 1,200, ஐந்து ஆண்டுகளில் லாப ஈவு இல்லாமலே 72,000. இரண்டும் சேர்ந்து 240,000 வெள்ளியைத் தாண்டுகிறது. விஎஸ்எஸ் தொகை பெரியதா சிறியதா என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் நீங்களாகவே விலகிப்போவது விருப்பத்தின் பேரில் என்பதால், விலை பேசும் இடம் உங்களுக்கு உண்டு.

மருத்துவச் செலவை இந்த 36,000-க்குள் போட்டுக் குழப்பக் கூடாது. வேலையை விட்ட அன்றே நிறுவனத்தின் மருத்துவ அட்டை போய்விடும். ஐம்பது வயதில் இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் பதிவான பிறகு புதிய அட்டை கேட்டால் மறுப்பார்கள், அல்லது அந்த நோய்களை விலக்கிவிட்டுத் தருவார்கள். எனவே சொந்த அட்டையை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதன் சந்தா வயதோடும் மருத்துவச் செலவோடும் சேர்ந்து ஏறுவது. உங்கள் சேமிப்பு எவ்வளவு வளருமோ அவ்வளவும் அந்த ஏற்றத்துக்கே போய்விடும் என்று வைத்து, இதற்கு மட்டும் 29.5-க்குப் பதில் 45 மடங்கு போடுங்கள். கணவன் மனைவிக்கு ஆண்டுக்கு 6,000 வெள்ளி சந்தா என்றால் 270,000. வலிக்கிற எண்தான். ஐம்பதில் ஓய்வு பெறலாமா என்ற கேள்வி பல வீடுகளில் இங்கேயே முடிந்துவிடுகிறது.

மனைவி நான்கு வயது இளையவர் என்றால் அவருடைய தொண்ணூற்றைந்து வரை கணக்குப் போட வேண்டும். 49 ஆண்டுகள், மடங்கு 31. ஒருவர் மறைந்தபின் செலவு பாதியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். வாடகை, மின்சாரம், மதிப்பீட்டு வரி எல்லாம் ஒருவருக்கும் அதேதான். வீட்டு வாடகை வருமானம் இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் பத்து மாத வாடகையை எடுத்து, நில வரியையும் பழுதுபார்ப்பையும் கழித்த பிறகே செலவிலிருந்து தள்ளுங்கள். அரசாங்க ஓய்வூதியம் பெறும் மனைவி உள்ள குடும்பங்கள் இதில் கொடுத்துவைத்தவை. அந்த ஓய்வூதியமே ஓர் ஆயுள் அனுவிட்டி, அதற்கு மடங்கு போட்டுப் பார்த்தால் அதன் உண்மையான மதிப்பு தெரியும்.

இப்போது ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதுக்கு 240,000 வெள்ளி அடிப்படைச் சேமிப்பு என்று இபிஎஃப் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அது மாதம் 1,000 வெள்ளி வீதம் 240 மாதங்கள், அதாவது எழுபத்தைந்து வயது வரை. பணவீக்கத்துக்கு மேல் 2 விழுக்காடு வந்தாலும் எண்பத்தொன்றை ஒட்டித் தீர்ந்துவிடும். தொண்ணூற்றைந்து வரை வேண்டுமானால் 12,000-ஐ 27.4-ஆல் பெருக்கி 328,800 வெள்ளி வைத்திருக்க வேண்டும். எண்பது தாண்டிய நம் பாட்டிமார்கள் எத்தனை பேர் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள்! பணம் தீர்ந்த பிறகும் வாழ நேரும் அபாயத்தை இந்த நாட்டில் ஒவ்வொருவரும் தனியாகவே சுமக்கிறோம்.

இதற்கு ஒரு முயற்சி நடந்தது. 2000-இல் இபிஎஃப் உறுப்பினர்களுக்காக வழக்கமுறை, தக்காஃபுல் (இஸ்லாமியக் காப்புறுதி) என இரண்டு அனுவிட்டித் திட்டங்கள் வந்தன. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2001-இல் நிறுத்தப்பட்டன. அன்று எழுந்த ஆட்சேபங்களைக் குறைசொல்ல முடியாது, தொழிலாளியின் பணம் தனியார் காப்புறுதி நிறுவனங்களுக்குப் போவது பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் சிங்கப்பூர் 2009-இல் தன் மத்திய சேமநிதியின் (சிபிஎஃப்) கீழ் சிபிஎஃப் லைஃப் திட்டத்தை அரசாங்க நிதியமே நடத்தும் ஆயுள் அனுவிட்டியாகத் தொடங்கியது. அதில் ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறிக்கொண்டே போகும் தேர்வும் இருக்கிறது. வாரியமே நடத்தும், விரும்பியவர் மட்டும் சேரும், எண்பது வயதுக்கு மேல் பணம் தரும் ஒரு திட்டம் நமக்கும் வேண்டும். முதுமையின் கடைசிப் பகுதியைக் கூட்டு நிதி பார்த்துக்கொண்டால், ஐம்பத்தைந்து முதல் எண்பது வரையிலான 25 ஆண்டுகளை மட்டும் நாமே சமாளித்துவிடலாம். நம் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதை மீண்டும் எழுப்ப வேண்டும்.

அதுவரை, இபிஎஃப் கிளைகளில் இலவசமாகக் கிடைக்கும் ஓய்வுக்கால ஆலோசனைச் சேவைக்கு முன்பதிவு செய்யுங்கள். கடந்த பன்னிரண்டு மாத வீட்டுச் செலவு, இபிஎஃப் கணக்கு அறிக்கை, எழுத்தில் வாங்கிய ஓர் அனுவிட்டி விலை ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள். விஎஸ்எஸ் படிவத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்பே போய்விடுங்கள். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற அநேகமாக எந்த முதலாளியும் விடமாட்டார்.

இவண்,
ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு