பெட்டலுமா மண்கோட்டையை விட்டுவிட்டாயே, சேகர்

அன்புள்ள சேகர்,

போன கடிதத்துக்கே பதில் போடவில்லை என்ற உறுத்தல் இருந்தது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் இனிப் பொறுப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் சுகம். பாலு அதே பாலுதான்.

கலிபோர்னியாவில் சோனோமா ஊரைச் சுற்றிவிட்டு எழுதியிருக்கிறாய்: அங்கத்திய ஒயினுக்கு இரண்டு பக்கம், கலிபோர்னியா மெக்சிகோவிடம் இருந்த காலத்து ஜெனரல் மரியானோ வலேஹோவுக்கு ஒரே வரி: "யாரோ மெக்சிகோ ஜெனரல் வீடு". ஃப்ரீமான்ட்டில் இத்தனை வருஷம் இருப்பவன் எழுதுகிற வரியாடா இது? சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு வடக்கே இரண்டு ஊர்கள்: வலேஹோ, அவர் பெயர், பெனிசியா, அவர் மனைவி பெயர். நீ சுற்றிய சோனோமா சதுக்கமே 1835-இல் அவர் அளந்து போட்டதுதான்.

நீ பார்த்த அவருடைய லாக்ரிமா மான்டிஸ் வீட்டுக்கு வெளியே மரம், உள்ளே சுவருக்குள் மண்கல் என்று வழிகாட்டி சொன்னாரா? 1850-களில் அமெரிக்க பாணியில் வீடு கட்டியவர், வெயிலுக்கும் குளிருக்கும் மண்ணைத்தான் நம்பினார்.

ஆனால் விஷயமே மலைக்கு மேற்கே, பெட்டலுமாவில். 66,000 ஏக்கராக வளர்ந்த அவருடைய பண்ணையின் நடுவே, 1836 முதல் பத்து வருஷம் கட்டியும் முடியாத இரண்டு மாடி மண்கட்டடம். முற்றத்தைச் சுற்றி நாற்கட்டாக எழும்பியது, பாதிதான் மிச்சம். சுவர் மூன்றடி கனம். பண்ணையின் வருமானம் மாட்டுத்தோலும் கொழுப்பும். கப்பல்காரர்கள் வாங்கிப் போவார்கள். அதே தோல்தான் கட்டடத்தையும் பிடித்து நிற்கிறது: ரெட்வுட் உத்தரங்களைப் பதப்படுத்தாத தோல்வாரால் ஈரத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். காயக் காயச் சுருங்கி முடிச்சு இரும்பாகிவிடும்.

கல் சுடாத பச்சைக்கல். களிமண் மிஞ்சினால் காயும்போது வெடிக்கும். மணல் மிஞ்சினால் உதிரும். வைக்கோல் சேர்ப்பது கல் சீராகக் காய்வதற்கு. அச்சில் அறுத்துச் சில நாள் கழித்துப் பக்கவாட்டில் நிமிர்த்தி, வாரக்கணக்கில் வெயிலில் விட வேண்டும். சாந்தும் அதே மண்தான். சிமென்ட் சாந்து கல்லைவிடக் கடினம், கல்லையே தின்றுவிடும்.

மண்சுவருக்கு எமன் தண்ணீர், அதுவும் மேலேயும் கீழேயும். மேலே காப்பது கூரை. அந்த அகல வராந்தாவை அலங்காரம் என்று நினைத்துவிடாதே, மழைச்சாரல் சுவரில் படாமல் தடுப்பதே அதுதான். கூரை போனால் சில மழைக்காலத்தில் சுவர் கரைந்து மேடாகிவிடும். கீழே ஓதம் ஏறும். தரைக்குச் சற்று மேலே ஈரம் காய்கிற இடத்தில் உப்பு பூத்து, சுவர் அடியில் குடைந்துகொண்டே போகும். இதை மறைக்க சிமென்ட் பூசுவதுதான் பெரிய கேடு. மயிரிழை விரிசலில் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. பார்வைக்குச் சுவர் நன்றாக இருக்கும், தட்டினால் பொள்ளென்று கேட்கும், உள்ளே சேறு. இருபதாம் நூற்றாண்டில் கலிபோர்னியாவின் எத்தனையோ பழைய மண்வீடுகளை இப்படித்தான் கெடுத்தார்கள். மருந்து எளிது: சிமென்டை உரி, அடியில் ஒட்டிக் கிடக்கும் மண்ணை வெட்டி வாட்டம் கொடு, மண்பூச்சுப் பூசு, மேலே சுண்ணாம்பை மெல்ல மெல்லப் பல முறை அடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கல்லெல்லாம் அறுத்து ஏற்றியவர்கள் மிவோக், போமோ போன்ற பூர்வகுடி மக்கள். விரும்பி வந்த கூலிவேலை என்று எண்ணாதே. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1837-இல் தொடங்கிய பெரியம்மை அந்தப் பக்கத்துக் கிராமங்களைக் காலி செய்தது. ஜெனரலைப் புகழ்கிறவர்கள் இதைத் தாண்டிப் போவது எனக்கு ஆகாது.

அவருக்கும் காலம் திரும்பியது. அமெரிக்காவோடு சேருவதே நல்லது என்றிருந்தவரை 1846 ஜூன் 14-இல் கரடிக்கொடிக்காரர்கள், அதாவது மெக்சிகோவை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கக் குடியேறிகள், பிடித்து சட்டர் கோட்டையில் அடைத்தார்கள். கலிபோர்னியா அமெரிக்கா கைக்குப் போன பிறகு வந்த 1851 நிலச்சட்டம், மெக்சிகோ காலத்துப் பட்டாவை நிரூபிக்கும் பாரத்தை உடைமைக்காரர் தலையில் வைத்தது. அவருடைய இன்னொரு பண்ணையான சோஸ்கோல், 1862-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுக் கையைவிட்டுப் போயிற்று. பெட்டலுமா கட்டடத்தை 1857-இலேயே விற்றுவிட்டார்.

அடுத்த விடுமுறையில் போ. மாடி வராந்தாவில் உத்தரத்தில் தோல்வார்க் கட்டு தெரிகிறதா பார், கிட்டப் போய்ப் படம் எடு. நீ நடுவில் நிற்க வேண்டாம். சுவரின் அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. உப்பு பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கதிர்