ரீல்ஸ் காட்டும் ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயணம் என்றால் நான் வரைபடத்தை விரிப்பேன். என் பேத்தி ரீல்ஸைத் திறக்கிறாள். நாள்வாரித் திட்டத்தை செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. திங்கள்தோறும் மூடியிருக்கும் அருங்காட்சியகத்தை அது திங்கட்கிழமைக்கே போட்டிருந்தது! நான் சொல்லித்தான் மாற்றினாள்.

எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துக் கிளம்பினால்? ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் செல்ஃபிக் கூட்டம் தாங்காமல் 2023இல் காட்சியை மறைத்து மரத்தடுப்பே வைத்தார்கள் (பிறகு எடுத்துவிட்டார்கள்). வெனிஸ் 2024 முதல் நெரிசல் நாட்களில், பகலில் வந்துபோவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது.

பேத்தியிடம் எனக்குப் பிடித்தது, மூன்று நாளில் ஐந்து ஊர் என்று ஓடாமல் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குவது. அதுவும் கூட்டமில்லாத பருவத்தில். உங்கள் பயணப் பக்கத்திலும், 'பார்க்க வேண்டிய பத்து இடங்க'ளோடு எந்த மாதம் கூட்டம் குறையும் என்றும் போடலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்