மாரியோ என்ற பெயர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி குறைந்ததா? பேத்திக்குப் பெயர் வைப்பதில் வீடே இரண்டுபட்டு நிற்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ரோமில் நானும் ஒரு பெயரின் பின்னால்தான் அலைகிறேன்.

மேல் மாடிப் பெரியவர் பெயர் மாரியோ. தன் பெயருக்குரிய புனிதரின் விழாவான பெயர்நாளை செப்டம்பர் 12 அன்று, மரியன்னையின் திருப்பெயர் விழாவில் கொண்டாடுகிறார். மரியாவின் ஆண்பால்தான் மாரியோ, அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் என்கிறார். அவர் மகளோ புனித மாரியுஸின் நாளான ஜனவரி 19 அன்று வாழ்த்துச் சொல்கிறாள்.

மகள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. உச்சரிப்பைக் கவனி. இத்தாலியர் மாரியோவில் முதல் அசையை அழுத்துகிறார்கள்; மரியாவில் நடு அசையை நீட்டி 'மரீயா' என்கிறார்கள். அதிலிருந்து பிறந்திருந்தால் 'மரீயோ' என்றல்லவா ஆகியிருக்கும்? மாரியுஸ் பழைய ரோமானியக் குடிப்பெயர். அர்ப்பினும் ஊர்க்காரரான காயுஸ் மாரியுஸ் கி.மு. 107 முதல் ஏழு முறை ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியை வகித்தவர். குடிப்பெயரின் பெண்பாலையே மகளுக்கு வைப்பது ரோமானிய வழக்கம். ஆகவே இயேசு பிறப்பதற்கு முன்பே ரோமில் 'மாரியா'க்கள் இருந்தார்கள்! மரியன்னை பெயரின் மூலமான எபிரேய மிரியாமுக்கும் அவர்களுக்கும் ஒட்டுறவே இல்லை.

சரி, மாரியுஸ் எங்கிருந்து வந்தது? போர்க்கடவுள் மார்ஸ் என்பார்கள். ஆனால் மார்ஸிலிருந்து வந்த மார்த்தியுஸ், மார்த்தினுஸ் இரண்டிலும் ஒரு 'த்' இருக்கிறது. மாரியுஸில் அது எங்கே போயிற்று? ஆண் என்று பொருள்படும் லத்தீன் 'மாஸ்' என்ற சொல்லைக் காட்டுவோரும் உண்டு. என் மனம் போவது ரோமுக்கு வடக்கே வாழ்ந்த பழங்குடிகளான எத்ருஸ்கர்களிடம். அவர்களிடம் 'மாரு' என்றொரு பதவி இருந்தது. அசிசியில் கிடைத்த கல்வெட்டிலும் 'மாரோனெஸ்' என்ற அதிகாரிகள் வருகிறார்கள். கவிஞர் வெர்ஜிலின் மூன்றாம் பெயரான 'மாரோ'வையும் இதோடு சேர்ப்பதுண்டு. இடிக்கும் இடம் ஒன்றுதான்: காயுஸ் மாரியுஸின் அர்ப்பினும் எத்ருஸ்கர் ஊர் அல்ல, வோல்ஸ்கியர் என்ற வேறொரு இனத்தாரின் ஊர்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா என்னைக் கூப்பிட்டபோது மாதாவைத்தானே நினைத்தாள்" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. இத்தனை வீடுகளில் இந்தப் பெயர் இன்னும் புழங்குவதற்கு அவளைப் போன்ற அம்மாக்கள்தான் காரணமாக இருப்பார்கள்.

அப்புறம், பேத்திக்கு என்ன பெயர் முடிவாயிற்று? உடனே எழுது. பெயரோடு, அதை யார் எதற்காகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்