களனிக் கரையின் சின்ன வீதிகளை அகலமாக்காமல் விடுங்கள்

மேல் மாகாணத்திலும் சப்ரகமுவையிலும் வீதிகளுக்கும் ஆற்றங்கரைக்கும் ரயிலுக்கும் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மணி,

உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் அநேகமானவை வீதி போட்டுத் தாருங்கள், போட்ட வீதியை அகலமாக்கித் தாருங்கள் என்றுதான் கேட்கும். இந்தக் கடிதம் கொஞ்சம் மாறானது. கடுவெலவில் இருந்து அவிசாவளை வரை களனி கங்கையின் இரண்டு கரைகளிலும் வளைந்து போகும் சின்ன வீதிகளில் சிலவற்றையாவது அகலமாக்காமல் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அவற்றை ஒன்றோடொன்று தொடுத்து, சந்திகளில் பலகை நட்டு, சைக்கிளில் போகிறவர்களுக்கான பாதை என்று அறிவித்துவிடுங்கள். கொங்கிரீட்டோ பச்சைப் பூச்சோ தேவையில்லை. திறப்பு விழா வைத்தே ஆகவேண்டும் என்றால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 2022இல் பெட்ரோல் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது விலையைப் பார்க்காமல் வாங்கினோம். எண்ணெய் திரும்ப வந்ததும் அந்தச் சைக்கிள்களில் பல வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடிவீடுகளின் பல்கனிக்குப் போய்த் துருப்பிடிக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் சைக்கிளிலேயே போய் வளர்ந்தவர்கள்கூட, காலி வீதியில் இரண்டு பஸ்கள் முந்திப் பாயும் இடைவெளியில் தங்கள் பிள்ளையைச் சைக்கிள் ஓட விடமாட்டார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுதந்திரச் சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி வருவது எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும்?

களனி கங்கை சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து, ஏறக்குறைய 145 கிலோமீட்டர் ஓடி, முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அவிசாவளைக்குக் கீழே அதன் பள்ளத்தாக்கில் பெரிய ஏற்றம் கிடையாது. கியர் இல்லாத சைக்கிளே போதும். அவசரமாகப் போகிற வாகனங்கள் எல்லாம் தென்கரையில் லோ லெவல் வீதியையும், இன்னும் தள்ளி ஹை லெவல் வீதியையும் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பெரிய வீதிகளுக்கும் ஆற்றுக்கும் நடுவிலும், வடகரையில் பியகம, மல்வானை, புகொட பக்கமும் எஞ்சியிருப்பவைதான் நான் சொல்லும் வீதிகள். கமுகு, வெற்றிலைக்கொடி, வாழைத்தோட்டம், ஓரிரண்டு கடைகள், விகாரையின் மதில், பிறகு திடீரென்று ஆறு. காலை ஒன்பது மணிக்கு முன்னர் போனால் முச்சக்கரவண்டிகளையும் வெளியே வந்து குரைக்கும் நாய்களையும் தவிர இடைஞ்சல் இல்லை. (நாய்களுக்கு உங்களால் எதுவும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும்.)

இந்தக் கரையில் இருக்கிற சரித்திரம் வேறு எந்த நாட்டில் இருந்திருந்தாலும் ஊருக்கு ஊர் பலகை நட்டிருப்பார்கள். முல்லேரியாவை இன்று ஆஸ்பத்திரியை வைத்துத்தான் நமக்குத் தெரியும். 1559இல் சீதாவாக்கை இராச்சியத்தின் படை போர்த்துக்கேயரை முறியடித்தது அங்கேதான். ஆற்றைத் தாண்டினால் மல்வானை. போர்த்துக்கேயத் தளபதிகள் மாளிகை கட்டி இருந்த ஊர் அது. இப்போது ரம்புட்டானுக்குப் பெயர் பெற்றது, தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைய வாழ்கிறார்கள். ஹன்வெலவில் பழைய கோட்டை இருந்த இடத்தில், ஆற்றைப் பார்த்தபடி வாடிவீடு நிற்கிறது. 1803இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தானே படையோடு கீழிறங்கி வந்து, அந்தக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயரிடம் தோற்றுத் திரும்பினான். நாயக்க வம்சத்துக் கண்ணுசாமி என்று நம் பாடப்புத்தகத்தில் வருகிறவன்தான். அவன் அங்கே வந்து போனான் என்பது கொழும்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அப்புறம் சீதாவாக்கை, அதாவது இன்றைய அவிசாவளைப் பக்கம். 1521இல் கோட்டே இராச்சியம் துண்டானபோது அரசனின் மகன்களில் ஒருவனான மாயாதுன்னைக்குக் கிடைத்த பங்கு அது. அவன் மகன் முதலாம் ராஜசிங்கன் சைவத்தைத் தழுவியவன். அவன் அவையில் செல்வாக்கோடு இருந்தவர்களில் ஒருவர் அரிட்டகீவெண்டு பெருமாள் என்ற தமிழ்ப் பெயர் கொண்டவர். அந்த அரசன் பைரவருக்குக் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட கற்கோயில் அவிசாவளையில் இன்னும் கிடக்கிறது. பெரெண்டி கோயில் என்பார்கள். அடித்தளத்திலும் தூண்களிலும் கொத்திய வேலைப்பாட்டைப் பார்த்தால் தென்னிந்தியச் சிற்பிகளின் கை தெரிகிறது. பிரதான வீதியில் நுவரெலியாவுக்கு விரையும் வான்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. சைக்கிளில் போகிறவர் நிற்பார். களைப்பாக இருக்கும், நிற்கத்தானே வேண்டும்.

பிரான்சில் லுவார் நதியோரம் சுமார் 900 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. பழைய அரண்மனைகளையும் கல்வீட்டுக் கிராமங்களையும் தொட்டுக்கொண்டு கடல் வரை போகிறது. முழுக்கப் புதிதாகப் போட்ட பாதை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த கிராமத்து வீதிகளும், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைகளின் மேல் ஓடும் தடங்களும்தான். வாகனம் குறைவான வீதிகளாகத் தேடி எடுத்து, ஒரே மாதிரியான பலகைகளை நட்டு, கோடைகாலத்தில் சைக்கிள் ஏற்றும் ரயில்பெட்டிகளையும் சேர்த்துவிட்டார்கள். பாதையோரக் கிராமங்களில் கடையும் தங்குமிடமும் தாமாகவே வந்தன.

நம்மிடமும் அந்தச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. கொழும்பை வெள்ளத்தில் இருந்து காக்கும் களனி அணைக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் முதுகில் ஏற்கெனவே மக்கள் நடக்கிறார்கள், சைக்கிளும் ஓடுகிறார்கள். 2016 மேயில் கொலன்னாவை மூழ்கியதை மறக்காதவர்களுக்கு அந்த அணை எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஆகவே அதன் மேல் கட்டடமோ உணவகமோ வேண்டாம், கொங்கிரீட்டும் வேண்டாம். சைக்கிள் நுழையவும் மோட்டார் வாகனம் நுழையாமல் இருக்கவும் ஏற்ற இடைவெளி விட்டுத் தூண் நட்டால் அணைக்கும் நல்லது. முகத்துவாரத்துக்கு வடக்கே 1804இல் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாயின் கரை முத்துராஜவெலச் சதுப்பை ஒட்டிப் போகிறது. அது நீர்கொழும்புக்கான பாதையாகலாம், ஆனால் அது இன்னொரு கடிதத்துக்கு.

சிக்கல் எங்கே என்றால், ஒரே பாதையை எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகை மாகாணத்துடையவை. அதற்கும் சிறியவை கடுவெல மாநகர சபை, பியகம, தொம்பே, சீதாவாக்கைப் பிரதேச சபைகள் என்று பிரிந்து கிடக்கின்றன. கல்லும் தூணும் தொல்பொருள் திணைக்களத்துக்கு. ஒவ்வொருவரும் தங்கள் எல்லையில் நல்ல வேலை செய்தாலும் சைக்கிள்காரருக்கு நடுவில் பாதை அறுந்துவிடும். ஆகவே முதலில் வேண்டியது நீங்கள் எல்லோரும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பது.

அந்தக் கோட்டில் வரும் வீதிகளுக்கு இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். கார்பட் போடும்போது வேகத்தடையும் சேர்த்துப் போடுங்கள். வழுவழுப்பான சின்ன வீதி கிடைத்ததும் பெரிய வீதியின் நெரிசலுக்குத் தப்புகிற வாகனங்கள் எல்லாம் அங்கே வந்துவிடும், பிறகு அது சின்ன வீதி இல்லை. இரண்டாவது, மணல் டிப்பர். ஞாயிறு காலை பத்து மணி வரைக்கும் அந்த வீதிகளில் அவற்றை ஓட விடாதீர்கள். வாரத்தில் மிச்ச நேரம் எல்லாம் அவர்களுடையதுதானே. கடுவெலப் பாலத்திலும் ஹன்வெலப் பாலத்திலும் சைக்கிளுக்கு ஒரு கோடாவது வேண்டும். பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கட்டும். தமிழை அச்சுக்கு அனுப்பும் முன்னர் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

ரயில்வேக்கு ஒரு வார்த்தை. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை இரண்டடி ஆறங்குல அகலத்தில் பிறந்த குட்டிப் பாதை. 1990களில்தான் அகலப் பாதையானது. இன்றும் மருதானையில் இருந்து நுகேகொட, ஹோமாகம, பாதுக்கை வழியாக அவிசாவளை வரை போகிறது. ஆற்றோரம் 50, 60 கிலோமீட்டர் ஓடிய பிறகு வெயிலில் அதே வழியே திரும்பி வர எல்லோராலும் முடியாது, முக்கியமாகப் பிள்ளைகளால். ஞாயிறு பிற்பகல் ஒரே ஒரு ரயிலில் ஒரு பெட்டியின் ஆசனங்களைக் கழற்றி, சைக்கிளுக்கும் டிக்கெட் வாங்கி ஏற்றலாம் என்று எழுதி ஒட்டுங்கள். காசு கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறோம். அவிசாவளைக்கு அப்பால் எட்டியாந்தோட்டைக்கும் ஓப்பநாயக்கைக்கும் போன தண்டவாளங்கள் எப்போதோ போய்விட்டன. அந்தத் தடத்தில் எது இன்னும் உங்கள் கையில் இருக்கிறதோ, அதைக் குத்தகைக்குக் கொடுக்கும் முன்னர் ஒரு தரம் யோசியுங்கள்.

அவிசாவளைக்கு மேலே தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பக்கம் போனால் இறப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டுகிறவர்கள் நம் மலையகத்து மக்கள். தோட்டத்து வீதிகள் சைக்கிளுக்கு மிக நல்லவை, நிழலும் உண்டு. ஆனால் அவை கம்பனிகளின் கையில் இருக்கின்றன, லயங்களுக்கு முன்னாலேயே போகின்றன. கம்பனியோடு மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். அங்கே வாழ்கிறவர்களிடம் கேளுங்கள். யாருடைய வாசலையும் கமராவுக்குக் காட்டுவதற்காக இந்தப் பாதை இல்லை. அவர்களில் ஒருவர் கடை போட்டுத் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்க விரும்பினால் அனுமதிப்பத்திரம் தரத் தாமதிக்காதீர்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் பாதை அவிசாவளையோடு நிற்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யச் சொல்லவில்லை. கடுவெலவுக்கும் ஹன்வெலவுக்கும் இடையில், வடகரை வழியாக, மழை குறைந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறில் இருந்து பத்து வரை சோதித்துப் பாருங்கள். டிப்பரை நிறுத்தவும் இரண்டு பாலத்திலும் பொலிஸார் நிற்கவும் ஏற்பாடு செய்தால் போதும். வீதிகளின் பெயர்களையும் திருப்பங்களையும் குறித்த வரைபடம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கும் மூன்று சந்திகளையாவது ஏதாவது ஒரு காலையில் ஒரு தரம் வந்து பாருங்கள். ஜீப்பில் வேண்டாம்.

இப்படிக்கு,
கொழும்பு 06இல் இருந்து சைக்கிள் ஓடும் ஒருவர்