நீதிமன்றத்தின் ஆணையைக் குடும்பத்தார் தளர்த்த முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் நம்மவர் யாராவது குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்படும் செய்தி தமிழ் நாளிதழ்களில் வரும்போது, சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார் என்ற வரியோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வழக்கு அத்தோடு தீர்ந்தது என்று படிப்பவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோரும் அப்படியே எண்ணி, மகனையும் மருமகளையும் மறுபடி ஒரே வீட்டில் குடிவைக்க ஏற்பாடு செய்யத் தொடங்குகிறார்கள். கலிபோர்னியாவில் இத்தகைய நெருக்கடியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்து உதவி வருகிறவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் எத்தனை கட்டளைகள் அடங்கியிருக்கின்றன, அவற்றை யார், எவ்வாறு நிறைவேற்றுகிறார்கள் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்பி இதை எழுதுகிறேன்.

கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள் உள்ளன. நம் ஊர் மாவட்டத்துக்கு ஏறத்தாழ இணையான இந்தக் கவுண்டிகளில், 'ப்ரொபேஷன்' என்று இங்கே எல்லோரும் சொல்லும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கென்று தனித் துறை உண்டு. 1841-இல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி, குடிபோதை வழக்கில் நீதிபதியின் முன் நின்ற ஒருவரைத் தம் பொறுப்பில் ஜாமீனில் எடுத்துத் திருத்திக் காட்டியதில் வேர் கொண்ட இந்த ஏற்பாட்டை, கலிபோர்னியா 1903-இல் சட்டமாக்கிக்கொண்டது. பரோல் என்பது இங்கே வேறு. மாநிலச் சிறையிலிருந்து வெளிவந்தவர்களை மாநில அரசின் அதிகாரிகள் கண்காணிப்பதற்கே அந்தப் பெயர். ஆயினும் சிறை நெரிசலைக் குறைத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்த ஆண்டிலேயே, வன்முறையோ கடுமையான குற்றமோ அல்லாத வழக்குகளில் சிறை சென்று மீண்டவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பும் கவுண்டித் துறைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே ஓர் அலுவலரின் மேசையில் இன்று பல வகை வழக்குகளின் கோப்புகள் இருக்கின்றன.

நீதிபதி தண்டனை அறிவிப்பதற்கு முன்பே இந்தத் துறையின் வேலை தொடங்கிவிடுகிறது. கடுங்குற்ற வழக்குகளில், குற்றம் நடந்த சூழல், குற்றவாளியின் முன்வரலாறு, வேலை, குடிப்பழக்கம், பாதிக்கப்பட்டவரின் கருத்து ஆகியவற்றை விசாரித்து அலுவலர் அறிக்கை தருகிறார். நன்னடத்தைக் கண்காணிப்பு பொருந்துமா, பொருந்துமென்றால் எந்த நிபந்தனைகளோடு என்பதையும் அதில் பரிந்துரைக்கிறார். முடிவு நீதிபதியுடையது. சிறு குற்றங்களில் அலுவலர் எவரும் நியமிக்கப்படாமல் நீதிமன்றமே நேரடியாகக் கண்காணிக்கும் முறையும் உண்டு. அதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லா வழக்கையும் அவ்வாறே கருதிவிடுகிறார்கள்.

குடும்ப வன்முறை வழக்கில் நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்படும் இடம் குறைவு. நன்னடத்தைக் கண்காணிப்பு வழங்கப்பட்டால் அது குறைந்தது 36 மாதங்கள் நீடிக்க வேண்டும் என்று கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 1203.097-ஆம் பிரிவு விதிக்கிறது. பாதிக்கப்பட்டவரைக் காக்கும் பாதுகாப்பு ஆணை, சமூகப் பணி, செலுத்த இயலாதவர்க்கு மட்டும் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ கூடிய குறைந்தபட்சம் 500 டாலர் கட்டணம், 52 வார வன்முறைத் தடுப்பு வகுப்பு ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. வகுப்பு வாரந்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் நடக்கும்; தக்க காரணத்துக்காகக்கூட மொத்தத்தில் மூன்று வகுப்புகளுக்கு மேல் தவறவிடக் கூடாது; அனைத்தையும் 18 மாதங்களுக்குள் முடித்தாக வேண்டும். சில கவுண்டிகளில் மாற்று வகுப்பு முறைகளைச் சோதித்துப் பார்க்க மாநிலச் சட்டமன்றம் அனுமதித்திருக்கிறது என்றாலும், பொது விதி இதுவே. எந்த நிறுவனம் இந்த வகுப்பை நடத்தலாம் என்று அங்கீகரிக்கும் அதிகாரம் கவுண்டியின் நன்னடத்தைத் துறைக்கே உரியது. வகுப்புக்கு வந்தவர் எப்படி முன்னேறுகிறார் என்ற எழுத்து அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

அதே சட்டப் பிரிவில், படிக்கும்போதெல்லாம் என் மனத்தில் தைக்கும் ஒரு விதி இருக்கிறது. குற்றவாளி இந்த வகுப்புக்குச் செல்ல வேண்டியிருப்பதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கத் துறை முயல வேண்டும். அவ்வாறு தெரிவிக்கும்போது, எந்த வகுப்புக்குச் சென்றாலும் அவர் இனி வன்முறையில் ஈடுபட மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிபட்ட பெண்ணிடம் "அதான் வகுப்புக்குப் போகிறானே, இனி என்ன?" என்று கேட்கும் உறவினர் ஒவ்வொருவரும் இந்த விதியைப் படிக்க வேண்டும்.

பாதுகாப்பு ஆணையைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். தொடர்பே கூடாது என்று நீதிபதி எழுதிய ஆணை, கணவன் வீட்டுக்குள் வருவதை மட்டுமல்லாமல் தொலைபேசி அழைப்பையும், வாட்ஸ்அப் செய்தியையும், வேறொருவர் வழியாகச் சொல்லியனுப்புவதையும் தடுக்கிறது. மாமியார் கோயம்புத்தூரிலிருந்து அழைத்து, "அவன் மன்னிப்புக் கேட்கச் சொன்னான்" என்று மருமகளிடம் சொன்னால், சொல்லச் சொன்ன மகன் ஆணையை மீறியவன் ஆகிறான். மனைவியே மனமிரங்கி, பிள்ளையின் பிறந்தநாளுக்கு மட்டும் வந்து போகும்படி அழைத்தாலும் நிலைமை மாறாது. ஆணை நீதிமன்றம் அவனுக்கு இட்டது. அதை விலக்கிக்கொள்ளும் அதிகாரம் அவளிடம் தரப்படவில்லை. கண்காணிப்பு அலுவலருக்கும் அந்த அதிகாரம் இல்லை. இது கல்நெஞ்சமான விதி என்று நம் பெரியவர்கள் என்னிடம் பலமுறை வருந்தியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணைக் காப்பதே இந்தக் கடுமைதான் என்பது என் உறுதியான கருத்து. சம்மதம் தரும் அதிகாரம் அவள் கையில் இருந்தால், அதைப் பெறுவதற்காக இரு வீட்டாரும் சேர்ந்து அவளை நெருக்குவார்கள். மாமனார், சித்தப்பா, குடும்ப நண்பர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசும்போது தனியாக நிற்கும் ஒரு பெண் எத்தனை நாள் தாங்குவாள்? "என்னால் முடியாது, நீதிபதியைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்ல அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

உண்மையிலேயே அவள் சேர்ந்து வாழ விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. ஆணையை மாற்றும்படி நீதிமன்றத்திடம் அவள் கேட்கலாம். வகுப்பில் அவன் நடந்துகொள்ளும் விதத்தையும் அலுவலரின் கருத்தையும் பார்த்து, தொல்லையின்றிப் பழகலாம் என்ற அளவுக்கு நீதிபதி ஆணையைத் தளர்த்தலாம். திருத்திய ஆணை வரும் வரை பழைய ஆணையே நடப்பில் இருக்கும்.

இனி, ஆணை எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். அலுவலரைக் குறித்த நாளில் சென்று காண வேண்டும். முகவரியோ வேலையோ மாறினால் தெரிவிக்க வேண்டும். தாய்தந்தையர் இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் பறப்பதாக இருந்தாலும் அனுமதி பெற்றே மாநிலத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். குடி அல்லது போதைப்பொருள் தொடர்புடைய வழக்குகளில் பரிசோதனையும், சில வழக்குகளில் காலில் மின்னணுப் பட்டையும் உண்டு. முன்னறிவிப்பின்றி அலுவலர் வீட்டுக்கு வரலாம். வாரண்ட் இல்லாமல் சோதனையிடலாம் என்ற நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்திட்டவரின் வீட்டை நியாயமான சந்தேகத்தின் பேரில் சோதனையிட்டது செல்லும் என்று, நாப்பா கவுண்டியில் எழுந்த வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. நிபந்தனைகளுக்கு வரம்பும் உண்டு. குற்றத்தோடு தொடர்பற்றதும், தானே குற்றமல்லாத செயலைத் தடுப்பதும், எதிர்காலக் குற்றத்தைத் தடுப்பதோடு நியாயமான சம்பந்தம் இல்லாததுமான நிபந்தனை செல்லாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1975-இலேயே வகுத்துவைத்திருக்கிறது.

மீறியதாகக் கருத இடமிருந்தால் அலுவலர் வாரண்ட் இன்றியே கைது செய்யலாம். பிறகு நடக்கும் விசாரணையில் ஜூரி கிடையாது. ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. மீறியிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். ஆனாலும் குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், தம் தரப்பைச் சொல்லவும், சாட்சிகளை அழைக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் காக்னன் என்ற வழக்கில் 1973-இல் அளித்த தீர்ப்பு உறுதி செய்தது. பணம் கட்ட வழியில்லாதவரை, அதன் காரணத்தை விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதும் 1983-இல் தீர்ப்பாகிவிட்டது. விசாரணையின் முடிவில் நீதிபதி பழைய நிலையைத் தொடரவிடலாம், நிபந்தனைகளைக் கூட்டலாம், அல்லது கண்காணிப்பை ரத்து செய்து சிறைத் தண்டனை விதிக்கலாம்.

இந்த அதிகாரம் பெரியது. ஆகவேதான் ஒவ்வொரு சிறு தவறுக்கும் சிறையைக் காட்டும் அலுவலரைவிட, ஒரு வகுப்பைத் தவறவிட்டவரை அன்றே அழைத்துக் காரணம் கேட்கும் அலுவலர் சமூகத்துக்கு அதிகப் பாதுகாப்புத் தருகிறார் என்று நான் கருதுகிறேன். மாநிலமும் அந்தத் திசையில் நடந்திருக்கிறது. கண்காணிப்பிலிருந்து மாநிலச் சிறைக்குத் திரும்புவோரைக் குறைக்கும் கவுண்டிகளுக்கு நிதி ஊக்கம் தரும் சட்டம் 2009-இல் வந்தது. 2021 முதல், பெரும்பாலான சிறு குற்றங்களுக்குக் கண்காணிப்புக் காலம் ஓராண்டாகவும் கடுங்குற்றங்களுக்கு இரண்டாண்டாகவும் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கண்காணிக்கப்படுவதற்கே கட்டணம் வசூலிக்கும் வழக்கமும் நீக்கப்பட்டது. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். குடும்ப வன்முறை வழக்குகளுக்குக் காலக் குறைப்பு பொருந்தாது என்பதையும் சரியென்றே ஏற்கிறேன். அந்த வழக்குகளில் ஆபத்து ஒரே வீட்டுக்குள், தெரிந்த ஒருவரிடமிருந்து வருகிறது. வாரந்தோறும் ஒரு வகுப்பை ஓராண்டு முழுவதும் முடிக்கவே நாள் வேண்டும்.

விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் நம்மவர்க்கு இன்னோர் அபாயமும் உண்டு. குடும்ப வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவதும், பாதுகாப்பு ஆணையில் அச்சுறுத்தலிலிருந்து காக்கும் பகுதியை மீறியதாக ஒரு நீதிமன்றம் முடிவு செய்வதும் தனித்தனியே நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம் என்கிறது குடிவரவுச் சட்டம். கண்காணிப்பை ஒழுங்காக முடித்தபின் தீர்ப்பை நீக்கிக்கொள்ள மாநிலச் சட்டம் தரும் வாய்ப்பைக் குடிவரவு அதிகாரிகள் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்று வழக்கறிஞர் எச்சரித்தாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

கவுண்டித் துறைகளிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை மாநில அரசியலமைப்பே தந்துள்ளது. அலுவலகத்தில் நடக்கும் முதல் சந்திப்பிலும் தகுதியான மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் ஓர் உறவினரே உட்கார்ந்திருக்கிறார், அவரோ ஆணையைத் தமக்கு ஏற்றவாறு மென்மையாக்கிச் சொல்லிவிடுகிறார். நிபந்தனைகள் தமிழில் எழுத்தாகக் கையில் கிடைத்தால் பல மீறல்கள் நிகழவே மாட்டா.

உதவ விரும்பும் உறவினர்கள் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. தங்க வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம். வகுப்புக்குக் காரில் அழைத்துச் செல்லலாம். பயண அனுமதியை எழுத்தில் வாங்கச் சொல்லலாம். பிள்ளைகளைப் பார்க்க நீதிமன்றம் வகுத்த ஏற்பாட்டின்படி மட்டும் நடக்கச் செய்யலாம். தங்கள் நாளிதழ் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, கண்காணிப்புக் காலம் எவ்வளவு, தொடர்புத் தடை உண்டா, அதை மாற்ற யாருக்கு அதிகாரம் என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா