தோசையில் என்ன மா என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துச் சைவக்கடைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். கோதுமை சாப்பிடக்கூடாத ஒருவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கடைக்குள் போனால் எதை நம்பிச் சாப்பிடுவது? தோசை, இட்லி, வடை எல்லாம் அரிசியும் உழுந்தும்தானே, பயமில்லை என்றுதான் வெளியிலிருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் சரி. இங்கே நாங்கள் வீட்டிலேயே அரைத்த உழுந்தோடு கோதுமை மாவைக் கரைத்துத்தான் தோசைக்குப் புளிக்க வைக்கிறோம், அம்மம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். பிட்டுக்கு அவித்த கோதுமை மா சேரும், வெள்ளை இடியப்பமும் பல இடங்களில் அதே மாதான். உழுந்து விலை ஏறினால் தோசையில் கோதுமையின் பங்கும் கூடும், கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது.

என் பெறாமகள், அக்காவின் மகள், கனடாவில் பிறந்தவள். அவளுக்குச் சீலியாக் என்ற வருத்தம். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவளுடைய உடம்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கிவிடும். இதற்கு மருந்தில்லை, வாழ்நாள் முழுக்க ஒதுக்கி நடப்பது ஒன்றே வழி. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்க முடியாது என்பது சர்வதேச அளவுகோல். அவ்வளவு சொற்பம். கோதுமை ரொட்டி சுட்ட கல்லைத் துடைத்துவிட்டுத் தோசை வார்த்தாலே அவளுக்கு வருத்தம் வர அது காணும்.

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் வழியில் ஒரு சைவக்கடையில் இறங்கினோம். தோசைக்குக் கோதுமை மா போடுகிறீர்களா என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "இல்லை அம்மா, சுத்த சைவம், மச்சம் எதுவும் உள்ளுக்கு வராது" என்றான். பிள்ளையின் முகத்தில் ஒரு களவும் இல்லை, அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். நாங்களும் நம்பிவிட்டோம். முள்ளியவளைக்குப் போய்ச் சேர முன்னமே அவளுக்கு வயிற்றுக்குத்து, பிறகு சத்தி. அந்த இரவு அம்மன் வாசலுக்கு அவளைக் கொண்டுபோக முடியவில்லை.

அந்தத் தம்பி சொன்னதில்தான் என் முழு நம்பிக்கையும் இருக்கிறது. மச்சம் படாத சட்டி, மச்சம் படாத அகப்பை என்று எங்கள் சைவக்கடைகள் எவ்வளவு கவனமாக நடக்கின்றன! கந்தசஷ்டி நாளில் உள்ளி, வெங்காயம் இல்லாத கறி வேண்டும் என்று கேட்டால் முதலாளியே குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுவார். அந்தக் கவனம் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே கவனத்தைத்தான் கோதுமைக்கும் கேட்கிறேன். ரோல்ஸ் பொரித்த தாச்சியில் உழுந்து வடையைப் போடாமல் விடலாம், தனிக் கல் ஒன்று வைக்கலாம். பெருங்காயப் பக்கற்றின் பின்பக்கத்தையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மா சேர்ந்திருக்கும், அப்படியென்றால் சாம்பாரும் ரசமும் ஆகாது. இதெல்லாம் முடியாவிட்டால், "எங்களிடம் உங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அதுவே பெரிய உதவி, நாங்கள் கதலி வாழைப்பழமும் இளநீரும் வாங்கிக்கொண்டு போய்விடுவோம்.

இது வெளிநாட்டு வருத்தம், நமக்கேன் என்று சிலர் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது பரம்பரையோடு வருவது, அவளுக்கு இருந்தால் இங்கே இருக்கும் இரத்த உறவுகளுக்கும் இருக்கலாம். பாணையும் ரொட்டியையும் தின்றுவிட்டு வருடக்கணக்காக வயிற்றோட்டம், இரத்தச்சோகை என்று கிளினிக்குக்கு அலைபவர்களில் எத்தனை பேர் சீலியாக் இருக்கிறதா என்று பரிசோதனை செய்திருக்கிறார்கள்? சரி, கோதுமையை விடுங்கள். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோயாளர் எத்தனை பேர், அவர்களுக்கு உப்பு ஆகாது. கச்சான் ஒத்துவராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் கடையில் இருந்து சாப்பிட ஆசைப்படுபவர்கள்தானே.

இங்கிலாந்தில் 2014 டிசெம்பரிலிருந்து, ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது உணவில் இருக்கிறது என்று கேட்டால் உணவகம் பதில் சொல்லியாக வேண்டும், சட்டமே இருக்கிறது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விலைப்பட்டியல் எழுதும் பலகையில் தோசைக்கு நேரே "கோதுமை மா சேர்ந்தது" என்று ஒரு வரி எழுத வெண்கட்டி போதும். கடைகளைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இதை முதலாளிமாருக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில், அரிசியும் உழுந்தும் மட்டும் போட்டுத் தோசை சுடும் கடை இருந்தால் வாசகர்கள் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பெறாமகள் திரும்பவும் வருகிறாள்.

வாசகி,
பரந்தன்